நம் வீட்டு உலையும் பெரிபெரி நோயும்



விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, இருநூறு மீட்டர் ஓடுகிற பையன் ஒருவன் என்னிடம் வந்தான். "சார், உடம்புல வலு ஏறணும். எந்த டின் மாவு வாங்கினா நல்லது?" என்று கேட்டான். "அது இருக்கட்டும் தம்பி, காலையில என்ன பசியாறினே?" என்றேன். "கடையில பொட்டலம் வாங்கினேன் சார்" என்றான். "ராத்திரி?" "அதுவும் பொட்டலந்தான்." அவனுக்குச் சொல்ல எனக்கு ஒரு பதில் இருந்தது. அது கொஞ்சம் நீளமான பதில். மணி அடித்துவிட்டதால் பாதியிலேயே நின்றுபோயிற்று. அதைத்தான் இந்த மலரில் எழுத முற்பட்டிருக்கிறேன். இது சமையல் குறிப்பு என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது சரித்திரம், அதுவும் நம் மலாயா மண்ணிலேயே நடந்த சரித்திரம்.

1900ஆம் ஆண்டு வாக்கில் இந்த நாடு எப்படி இருந்தது என்று சற்றே மனக்கண்ணில் பாருங்கள். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான் மாநிலங்களில் ஈய லம்பங்கள். அவற்றில் மண் வெட்டியவர்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்த வாலிபர்கள். கொங்சி வீட்டில் படுக்கை, பொதுவான அடுப்பில் சோறு. வரும்போது கட்டுமஸ்தாக இருந்த ஆள், சில மாதங்களில் "கால் மரத்துப் போகுது" என்பான். பிறகு கால் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். நடை தள்ளாடும். மூச்சு வாங்கும். ஒருநாள் திடீரென்று இதயம் நின்றுவிடும். இதற்குப் பெயர் பெரிபெரி. ஆயிரக்கணக்கான பேரை இந்த நோய் கொண்டுபோயிற்று. ஆஸ்பத்திரிகளில் இடமில்லை. காரணமும் ஒருவருக்கும் தெரியவில்லை. கிருமி என்றார்கள் சிலர், மண்ணிலிருந்து கிளம்பும் விஷக்காற்று என்றார்கள் வேறு சிலர்.

இதில் ஓர் அதிசயம் இருந்தது. அதே நாட்டில், அதே மழையில், அதே கொசுக்கடியில், கித்தா மரம் வெட்டியும் ரோடு போட்டும் வயிறு கழுவிய நம் தமிழ்ப் பாட்டாளிக்கு இந்த நோய் அநேகமாக வரவே இல்லை! தன் வயலில் விளைந்த நெல்லை வீட்டிலேயே உரலில் குற்றிச் சாப்பிட்ட மலாய்க் கம்பத்துக்காரருக்கும் அது அபூர்வம்தான்.

உடனே "ஆகா, நம்மவர் உடம்பு இரும்பு" என்று மார்தட்ட வேண்டாம். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவும் தோட்டத்து லயங்களில் நம்மவரை வாரிக்கொண்டு போன காலம் அது. ஆரோக்கியத்துக்கும் லயத்துக்கும் வெகுதூரம். இந்த ஒரு நோய் மட்டும் வாசலோடு திரும்பிப் போயிற்று. ஏன்?

நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராக இருந்த பிராடன் என்ற வெள்ளைக்காரர் இதே கேள்வியைத்தான் கேட்டார். மூன்று இனத்தார், மூன்று பானை. பானைக்குள் எட்டிப் பார்த்தால் மூன்றிலும் அரிசிதான். ஆனால் ஒரே அரிசி அல்ல. சீனத் தொழிலாளி உண்டது, சயாமிலிருந்து வந்த, இயந்திர ஆலையில் தீட்டித் தீட்டி மல்லிகைப் பூவாய் வெளுத்த பச்சரிசி. மலாய்க்காரர் உண்டது அவ்வப்போது கைக்குத்தலாய்க் குற்றிய அரிசி. தமிழன் உண்டது புழுங்கலரிசி. நோய்க்குக் காரணம் அந்த வெள்ளை அரிசிதான் என்று 1907இல் பிராடன் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். அரிசி பழசாகும்போது அதில் ஏதோ விஷம் ஊறுகிறது என்று அவர் எண்ணியது தவறு. ஆனாலும் ஆளைச் சரியாகப் பிடித்துவிட்டார். அவன் செய்த குற்றத்தைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் பெரிபெரி கடுமையாகப் பரவியிருந்தது. டாக்டர் வில்லியம் பிளெட்சர் என்பவர் 1905 டிசம்பரில் ஒரு சோதனை தொடங்கினார். நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிற்கவைத்து எண் சொல்லச் சொன்னார். ஒற்றைப்படை எண்காரர்களுக்குச் சயாம் பச்சரிசி. இரட்டைப்படைக்காரர்களுக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. ஒருவேளை கட்டடத்தில்தான் கோளாறோ என்று, பாதியில் இரு கூட்டத்தாரையும் இடம் மாற்றியும் வைத்தார். ஓராண்டு ஓடியது. புழுங்கலரிசி உண்டவர்களில் பெரிபெரியால் ஒருவர்கூடச் சாகவில்லை. பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் இறந்தார்கள்.

இந்த இடத்தில் எனக்குப் பேனா நகர மறுக்கிறது. விஞ்ஞானத்துக்கு இது பெரிய வெற்றி என்று உலகம் சொல்கிறது; உண்மைதான். ஆனால் தம்மேல் சோதனை நடக்கிறது என்றே அறியாத நிலையில் இருந்த மனிதர்கள் அவர்கள். வரிசையில் ஒரு ஆள் தள்ளி நின்றிருந்தால் பிழைத்திருப்பார்கள். கோப்பையும் பதக்கமும் வாங்குகிற நாளில் அந்தப் பதினெட்டுப் பேரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வோமே!

"தமிழர்கள் பருப்பும் சாப்பிடுகிறார்களே, அதனால் இருக்கலாமல்லவா?" என்று உங்களில் கெட்டிக்காரர் யாராவது கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கோலாலம்பூரில் 1900இல் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டேன்டன் என்னும் இருவர் அதையும் தீர்த்துவைத்தார்கள். நெகிரி செம்பிலான் ஜெலெபு காட்டில் ரோடு போட வந்திருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளரை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். தமிழரும் அல்ல, சீனரும் அல்ல. இரண்டு கூட்டம், ஒரே வேலை, ஒரே கறி. அரிசி மட்டும் வேறு. மூன்று மாதம் போல ஆனதும் வெள்ளை அரிசிக் கூட்டத்தில் கால் வீங்க ஆரம்பித்தது. அரிசியை இடம் மாற்றினார்கள். நோயும் அரிசியோடு இடம் மாறியது! பிறகு அவர்கள் கோழிகளை வைத்தும் ஆராய்ந்து, ஆலையில் தீட்டும்போது பறந்துபோகிற தவிட்டில்தான் காக்கும் பொருள் இருக்கிறது என்று காட்டினார்கள். 1910இல் மணிலாவில் கூடிய மருத்துவர் மாநாடும் தீட்டிய வெள்ளை அரிசிமேல் விரலை நீட்டியது.

கோழிக் கதையைத் தொடங்கியவர் இவர்களுக்கு முந்தியவர்; ஜாவாத் தீவின் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜாகர்த்தாவில் இருந்த டச்சு மருத்துவர் எய்க்மன். ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற அவருடைய கோழிகள் கால் மடங்கி விழுந்தன. புதிதாக வந்த சமையற்காரர், "பட்டாளத்துச் சோறு கோழிக்கா?" என்று மறுத்துவிடவே, மட்டமான தீட்டாத அரிசியைப் போட்டார்கள். கோழிகள் எழுந்து நடந்தன! ஒரு சமையற்காரரின் கைப்பிடிவாதம் நோபல் பரிசுக்கே வழிவிட்டது. 1929இல் எய்க்மனுக்கு அது கிடைத்தது. அந்தக் காக்கும் பொருளை 1926இல் அதே பத்தாவியாவில் தனியே பிரித்தெடுத்தார்கள். இன்று நம் பாடப் புத்தகத்தில் அது வைட்டமின் பி1.

சரி, புழுங்கலரிசியில் அப்படி என்ன மாயம்? நெல்லை உமியோடு ஊறவைக்கிறோம். அப்படியே அவிக்கிறோம். வெயிலில் காயவைத்துப் பிறகுதான் உமி நீக்குகிறோம். ஊறி வேகும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள பி1 சத்து தண்ணீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. மாவும் இறுகிக்கொள்கிறது. அப்புறம் ஆலைக்காரன் எவ்வளவுதான் தீட்டினாலும் முழுதும் பறிபோகாது. நம் முன்னோர் வைட்டமினை நினைத்து நெல் அவித்தார்கள் என்று நான் கதைவிட மாட்டேன். அவித்த நெல்லில் உமி சுலபமாகக் கழலும், அரிசி நொறுங்காது, பூச்சி அவ்வளவாக அண்டாது. அதற்காகத்தான் அவித்தார்கள். சத்து கொசுறாக வந்தது.

தோட்டத்துக்கு மூட்டை மூட்டையாகப் புழுங்கலரிசி வந்ததற்கும் துரைமாரின் கருணை காரணமல்ல. வேறு அரிசியைப் போட்டால் நம் ஆட்கள் "இது வயித்துல நிக்காது" என்றார்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நூற்றுக்கணக்கான மரம் ஓடி ஓடி வெட்டி, பால் வாளியைத் தூக்கிச் சுமக்கிறவன் வயிற்றுக்கு எது நிற்கும் என்பது அவனுக்குத்தானே தெரியும்? இதிலும் ஒரு நுட்பம் உண்டு. மாவுச்சத்தை உடம்பு சக்தியாக்க பி1 வேண்டும். சோறு கூடக்கூட, அந்தத் தேவையும் கூடும். வெறும் வெள்ளைச் சோற்றை மலையாகக் குவித்துத் தின்றவன்தான் முதலில் விழுந்தான். வயிறு நிறைந்தது; கால் தாங்கவில்லை.

அரிசியோடு கதை முடியவில்லை. அரிசியை அடுப்படியில் என்ன செய்கிறோம் என்பதும் உண்டு. என் அப்பாயி லயத்தில் வாழ்ந்தவர். என் அக்காள் அரிசியை நாலைந்து தண்ணீரில் கசக்கிக் களைந்தால், "ஏண்டி, அரிசியையா களையறே, அதோட உசுரையா களையறே? ரெண்டு தண்ணி போதும்டி!" என்று சத்தம் போடுவார். வடித்த கஞ்சியைக் கீழே ஊற்ற விடமாட்டார். உப்புப் போட்டு எங்களுக்கு ஆளுக்கொரு குவளை. எனக்கு அப்போது அது பிடிக்காது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பேன். பின்னாளில் குன்னூர் ஆராய்ச்சிக்கூடத்தின் செய்தியைப் படித்தபோது அப்பாயியை நினைத்துக்கொண்டேன். 1930களின் பிற்பாதியில் அங்கே தலைவராயிருந்த டாக்டர் அய்க்ராய்டும் அவருடைய சகாக்களும், களைகிற தண்ணீரிலும் வடிக்கிற கஞ்சியிலும் பி1 கரைந்து ஓடுவதை அளந்தே காட்டினார்கள். சென்னை மாகாணத்தில் பெரிபெரி இருந்தது எங்கே தெரியுமா? ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட வடபகுதிக் கடலோரத் தெலுங்கு மாவட்டங்களில். புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. மலாயாக் கதையேதான்.

இனி வருவது வருத்தமான பகுதி. 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. தன் அரிசித் தேவையில் பாதிக்குமேல் வெளியிலிருந்து தருவித்த நாடு இது. கப்பல் நின்றது, புழுங்கலரிசியும் நின்றது. கிடைத்த கொஞ்சம் அரிசியைப் பங்கிட்டார்கள். மீதி வயிற்றுக்கு மரவள்ளியும் சக்கரைவள்ளியும். பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், "ஜப்பான்காரன் காலத்துக் கிழங்கு" என்றாலே முகம் மாறிவிடும். அந்த மூன்றரை ஆண்டுகளில்தான், தலைமுறை தலைமுறையாகப் பெரிபெரி அண்டாத லயங்களில் கால் வீங்கியது.

அதைவிடக் கொடுமை சயாம் மரண ரயில்பாதை. 1942லும் 1943லும், சுமார் 415 கிலோமீட்டர் பாதை போட, நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரை ரயிலேற்றிக் கொண்டுபோனார்கள். அங்கே அவரவர் வீட்டு உலை ஏது? அம்மா ஏது, அப்பாயி ஏது? பெரிய கொப்பரையில் தீட்டிய வெள்ளை அரிசி, பெயருக்கு ஏதோ குழம்பு, அவ்வளவுதான். காலராவும் மலேரியாவும் அடித்தது போக, மிஞ்சியவர்களைப் பெரிபெரி பிடித்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் லம்பத்து வாலிபர்கள் விழுந்த அதே விதமாக நம்மவர் விழுந்தார்கள். ஆக, இரத்தத்தில் ஒரு காவலும் இருந்ததில்லை என்பது அப்போது தெரிந்துபோயிற்று. என் அப்பாயியின் தம்பி அந்தப் பாதைக்குப் போனவர். "சட்டியோட போனான், சட்டி மட்டும் வந்துச்சு" என்று அப்பாயி சொல்வார். அதற்குமேல் நாங்கள் கேட்டதில்லை.

போர் முடிந்து, அரிசி திரும்பி வந்தது. தோட்டத்தைவிட்டு நம்மவர் பட்டணத்துக்கு வந்தார்கள். மண்பானை போய் மின்சாரப் பானை வந்தது. பெரிபெரி இப்போது வெகு அபூர்வம். பருப்பு, கீரை, முட்டை, மீன், இறைச்சி என்று பலதும் கிடைக்கிற காலத்தில் சோறு ஒன்றை மட்டும் நம்பி யாரும் இல்லை. ஆனால் கை மண்வெட்டியை விட்டுவிட்டது. தட்டில் சோற்று மலை மட்டும் அப்படியே இருக்கிறது. பொட்டலத்தில் எந்த அரிசி, எந்த எண்ணெய், எத்தனை கரண்டிச் சர்க்கரை என்று பார்த்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. இந்நாட்டின் மூன்று பெரிய இனத்தாரில் நீரிழிவு அதிக விகிதத்தில் காணப்படுவது நம் இந்தியரிடையேதான் என்று சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. ஒரு காலத்தில் பானையால் தப்பித்த கூட்டம் இது.

அந்த இருநூறு மீட்டர்க்காரனிடம் இவ்வளவையும் மறுநாள் ஓய்வு நேரத்தில் சொல்லி முடித்தேன். டின் மாவுக்கு வைத்திருந்த காசில் அரைக் கிலோ பாசிப்பயறும் இரண்டு கிலோ புழுங்கலரிசியும் வாங்கி, அம்மா வேலைக்குப் போகுமுன் நீயே உலை வைத்துப் பாரேன் என்றேன். தலையாட்டிக்கொண்டு போனான். அடுத்த வாரம் வந்து நின்றான்.

"சார், நானே ஆக்கினேன். கொஞ்சம் குழைஞ்சிருச்சு. அப்பா சாப்பிட்டாரு. ஆனா தங்கச்சி புழுங்கலரிசி வாடை ஆகாதுங்குது சார்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லம்பத்துச் சீனர்களுக்குப் புழுங்கலரிசி கொடுத்துப் பார்த்தபோது அவர்கள் முகம் சுளித்ததும் அந்த வாடைக்காகத்தான். "நல்லா கொதிச்ச தண்ணியில போடு தம்பி, வாடை அடங்கும். கஞ்சியை மட்டும் கொட்டிடாதே" என்று சொல்லி அனுப்பினேன்.