உறுப்பினர் சொல்ல வேண்டிய செய்தி: திருகோணமலை தரும் பாடம்

ஒரு பாராளுமன்ற உறுப்பினர் தம்மைத் தெரிவுசெய்து அனுப்பிய மக்களிடம் திரும்பி வரும்போது எதைப் பற்றிப் பேச வேண்டும்? நாட்டின் பெரும் பிரச்சினைகளைப் பற்றியா, ஊரின் சிறு குறைகளைப் பற்றியா? வடக்குக் கிழக்கு அரசியலில் இக்கேள்விக்கு நெடுங்காலமாக இரண்டு விடைகள் வழங்கி வந்துள்ளன. ஒரு சாரார் “உரிமை” என்பர். மறு சாரார் “அபிவிருத்தி” என்பர். தேர்தல் காலங்களில் இவ்விரு சொற்களும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் இரு கட்சிகளின் பெயர்கள் போலவே ஒலிக்கும். திருகோணமலையின் அரசியல் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு இப்பிரிவினையே பொருந்தாதது என்பது புலப்படும்.

இன்று உறுப்பினர்கள் மக்களுக்குச் செய்தி சொல்லும் இடம் முகநூல். வீதிக்குத் தார் போடப்பட்டது, பாடசாலைக்குக் கட்டடம் கிடைத்தது, விளையாட்டுக் கழகத்துக்கு உபகரணம் வழங்கப்பட்டது என்று படங்களுடன் அறிவிப்புகள் வருகின்றன. முன்னர் இதே செய்திகள் தொலைநகலிலும், அதற்கு முன்னர் தபாலிலும் பத்திரிகைக் காரியாலயங்களுக்கு வந்தன. மூன்று தசாப்தங்களுக்கு மேலாகச் செய்தி மேசையில் இருந்தவன் என்ற வகையில் அவற்றின் அமைப்பை நான் நன்கு அறிவேன். நாடா வெட்டியவர் பெயர் முதல் வரியில் இருக்கும். யார் கேட்டதனால் அப்பணி நடந்தது, எத்தனை ஆண்டுகள் காத்திருந்தனர், இன்னும் கிடைக்காதது என்ன என்பன இரா. விடுபட்ட அவ்வரிகளில்தான் திருகோணமலையின் வரலாறு இருக்கிறது.

1947 பொதுத் தேர்தலில் திருகோணமலைத் தொகுதியில் தமிழ்க் காங்கிரஸைச் சேர்ந்த எஸ். சிவபாலன் தெரிவானார். 1952 இல் அத்தொகுதி தமிழரசுக் கட்சியின் என். ஆர். இராஜவரோதயத்திடம் சென்றது. அத்தேர்தலில் தமிழரசுக் கட்சி வென்ற ஆசனங்கள் இரண்டே இரண்டு. ஒன்று கோப்பாய், மற்றது திருகோணமலை. 1956 ஆகஸ்டில் கட்சியின் மாநாடு திருமலையிலேயே கூடிற்று. பல திசைகளிலிருந்தும் தொண்டர்கள் கால்நடையாக வந்து சேர்ந்தனர். அங்கு முன்வைக்கப்பட்ட கோரிக்கைகள் நான்கு: சமஷ்டி, மொழிச் சமத்துவம், மலையக மக்களின் குடியுரிமை, அரச உதவியுடனான குடியேற்றத்தை நிறுத்துதல். நான்காவது கோரிக்கை மற்ற ஊர்களில் கொள்கைப் பிரகடனமாக இருந்திருக்கலாம். திருகோணமலை வாசிக்கு அது கந்தளாய்க் குளத்து நீரும் அல்லைத் திட்டத்து வயலும் யாருக்குப் போகின்றன என்ற அன்றாட விடயம். 1946 குடிசன மதிப்பீட்டில் மாவட்டச் சனத்தொகையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்காக இருந்த சிங்கள மக்கள் 1981 இல் மூன்றிலொரு பங்காயினர். ஒரு நீர்ப்பாசனத் திட்டத்தின் காணிப் பங்கீட்டுப் பட்டியல் எவ்வாறு தேசிய இனப் பிரச்சினையாகிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

துறைமுகத்தின் கதையும் அத்தகையதே. 1957 இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்து வெளியேறியது. நாட்டின் சுயாதிபத்தியத்துக்கு அது பெருமை தரும் நிகழ்வு. தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளருக்கோ அது வேலையிழப்பு. அவ்வாறு வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் சுமார் 400 பேரைப் பதவியாக் குடியேற்றத் திட்டத்தில் அமர்த்த அரசாங்கம் முனைந்தபோது அதற்கு எழுந்த எதிர்ப்பு 1958 கலவரத்தின் தோற்றுவாய்களுள் ஒன்றாயிற்று. பண்டா–செல்வா உடன்படிக்கை 1957 ஜூலை 26 இல் கைச்சாத்தாகி, 1958 ஏப்ரலில் கிழித்தெறியப்பட்ட காலம் அது. நானூறு பேரின் சீவனோபாயம் என்ற ஊர்ச் செய்தி, ஓராண்டுக்குள் நாட்டையே எரித்த செய்திகளுள் ஒன்றாக மாறியது.

பத்தாண்டுகள் கழித்து இதுவே வேறு வடிவில் நிகழ்ந்தது. 1965 இல் டட்லி சேனாநாயக்காவின் அரசாங்கத்தில் தமிழரசுக் கட்சியின் சார்பில் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். கோணேஸ்வரர் ஆலயச் சூழலைப் புனித பிரதேசமாகப் பிரகடனம் செய்வது குறித்து ஆராய அவர் ஒரு குழுவை நியமித்தார். பௌத்த பிக்கு ஒருவரின் ஆட்சேபத்தைத் தொடர்ந்து பிரதமர் அக்குழுவின் பணியை நிறுத்தினார். 1968 இல் திருச்செல்வம் பதவி விலகினார். தமிழரசுக் கட்சியும் அரசாங்கத் தரப்பிலிருந்து வெளியேறியது. ஓர் ஆலயத்தின் எல்லை பற்றிய விசாரணை ஒரு தேசிய அரசாங்கத்தின் கூட்டையே குலைத்தது.

திருகோணமலை தமிழருக்கு மட்டும் உரிய மாவட்டமாக என்றுமே இருந்ததில்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 வீதம். தமிழர் 30 வீதத்துக்குச் சற்று மேல். சிங்களவர் 27 வீதமளவில். ஆகவே ஒரு சமூகத்தின் உறுப்பினர் தம்மவருக்குச் சொல்லும் செய்தியை அடுத்த ஊரிலுள்ள மற்றச் சமூகத்தவரும் கேட்டுக்கொண்டே இருப்பர். இதனை உணர்ந்த ஓர் ஏற்பாடு ஒரு காலத்தில் இருந்தது. மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதியாக விளங்கியது. ஒரே தொகுதிக்கு இருவர். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். 1970 இல் அங்கிருந்து ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் ஏ. எல். அப்துல் மஜீத்தும் தமிழரசுக் கட்சியின் அ. தங்கத்துரையும் தெரிவாகினர். கட்சியால் எதிரெதிர், தொகுதியால் ஒன்று. ஒருவர் கிண்ணியாவில் சொன்னதை மற்றவர் கிளிவெட்டியில் மறுக்கவோ ஏற்கவோ வேண்டியிருந்தது. 1977 தேர்தலுக்கு முன் மூதூர் ஓரங்கத்தவர் தொகுதியாக்கப்பட்டு, சேருவில என்ற புதிய தொகுதியும் பிறந்தது. அதன்பின் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தொகுதி, ஓர் உறுப்பினர், ஒரு மேடை என்றாயிற்று.

அந்த மேடைகளும் நிலைக்கவில்லை. 1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பில் தெரிவான இரா. சம்பந்தன் 1983 இல், ஆறாவது திருத்தச் சட்டம் வந்த காலத்தில், ஏனைய கூட்டணி உறுப்பினர்களைப் போலவே ஆசனத்தை இழந்தார். அடுத்த பொதுத் தேர்தல் 1989 இலேயே நடந்தது. திருகோணமலை மிகக் கூடுதலாகப் பேச வேண்டியிருந்த ஆண்டுகளில் அதன் தமிழ் மக்களுக்குச் சபையில் வாயில்லை. 1986 ஏப்ரல் 20 இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். போர்ச் செய்திகளின் நடுவே அந்த அனர்த்தம் விரைவில் மறக்கப்பட்டது. மறந்தவர்களுள் தமிழ்ப் பத்திரிகை வாசகர்களும் அடங்குவர். ஒரு மாவட்டத்தில் ஒருவர் துயரம் மற்றவருக்குச் செய்தியாகாமற் போனால், அம்மாவட்டத்துக்கு எத்தனை உறுப்பினர் இருந்தும் என்ன?

உறுப்பினராக இருப்பதே உயிராபத்தான காலமும் வந்தது. அப்துல் மஜீத் 1987 இல் கிண்ணியாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1994 இல் மீண்டும் பாராளுமன்றம் சென்ற தங்கத்துரை, 1997 ஜூலை 5 ஆம் திகதி திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் புதிய கட்டடத் திறப்பு வைபவத்தை முடித்துக்கொண்டு வெளியேறும் வேளையில் கொல்லப்பட்டார். பாடசாலை அதிபர் உட்பட மேலும் ஐவர் அவருடன் மாண்டனர். அதே மாதம் 20 ஆம் திகதி ஐக்கிய தேசியக் கட்சியின் திருகோணமலை மாவட்ட உறுப்பினர் எம். ஈ. எச். மஃரூப் கொல்லப்பட்டார். இக்கொலைகளுக்கான குற்றச்சாட்டு விடுதலைப் புலிகள் மீதே சுமத்தப்பட்டது. பதினைந்தே நாட்களில் ஒரு மாவட்டம் தமிழ் உறுப்பினர் ஒருவரையும் முஸ்லிம் உறுப்பினர் ஒருவரையும் இழந்தது.

தங்கத்துரை உயிரிழந்த இடத்தைக் கவனியுங்கள். போர்க்களமோ பேச்சுவார்த்தை மேசையோ அன்று. பெண் பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலை வாசல். இன்றைய முகநூல் அறிவிப்புகளில் மிகச் சாதாரணமாக வரும் அதே “கட்டடத் திறப்பு விழா”. உரிமை பேசிய கட்சியின் மனிதர் அபிவிருத்திப் பணியொன்றில் நின்றபோது உயிர் நீத்தார். இவை இரண்டும் வெவ்வேறு அரசியல் என்போர் அந்த வாசலை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

உறுப்பினர்கள் வாய் திறக்க முடியாத காலங்களில் ஊர்ச் செய்தியைச் சுமந்தவர்கள் பிரதேச நிருபர்கள். மாதச் சம்பளம் இல்லாமல், பிறிதொரு தொழில் பார்த்துக்கொண்டு, எழுதிய செய்திக்கு இவ்வளவு என்று பெற்றுக்கொண்டு பணியாற்றியவர்களே அவர்களில் அதிகம். 2006 ஜனவரி 2 ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்தே மாண்டனர் என முதலில் சொல்லப்பட்டது. சடலங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைப் படம்பிடித்து வெளிக்கொணர்ந்தவர் “சுடர் ஒளி” நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அம்மாதம் 24 ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். சபையில் பேசுபவருக்குச் சிறப்புரிமை உண்டு. அவர் பேசுவதற்கான ஆதாரத்தைத் திரட்டிக் கொடுப்பவருக்கு அன்று எந்த அரணும் இருக்கவில்லை.

போருக்குப் பின்னர் சம்பூர் இவ்வரலாற்றின் அடுத்த அத்தியாயமாயிற்று. 2006 ஏப்ரலில் இடம்பெயர்ந்த அம்மக்கள் கிளிவெட்டி போன்ற இடங்களில் பல ஆண்டுகள் முகாம்களில் இருந்தனர். அவர்களது காணிகள் கைத்தொழில் வலயத்துக்கும், அனல்மின் நிலையத்துக்கும், கடற்படை முகாமுக்கும் ஒதுக்கப்பட்டன. 2015 இல் 818 ஏக்கரும், 2016 இல் கடற்படை முகாமிலிருந்து 237 ஏக்கரும் விடுவிக்கப்பட்டன. அனல்மின் திட்டமும் 2016 இல் கைவிடப்பட்டது. அப்போது எதிர்க்கட்சித் தலைவராகவும் இருந்த சம்பந்தனின் அரசியல் வாழ்வில் மக்கள் கைகளில் நேரடியாகக் கிடைத்த பலன் எது என்று கேட்டால் பலரும் சம்பூரையே சுட்டுவர். அவர் நாடிய அரசியற் தீர்வு அவர் 2024 ஜூன் 30 ஆம் திகதி மறையும் வரை வரவில்லை. சம்பூரார் தம் வளவுக்குத் திரும்பினர். அதனைச் சிறிய செய்தி என்பவர் ஒன்பது, பத்து ஆண்டுகள் முகாமில் இருந்து பார்த்தவராக இருக்க முடியாது.

சிறிய செய்தியை அலட்சியம் செய்தால் என்ன நேரும் என்பதற்கு 2021 நவம்பர் 23 ஆம் திகதி சாட்சி. கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் முடிவடையாதிருந்த நிலையில், மக்களை ஏற்றிச் சென்ற மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பல உயிர்கள் பறிபோயின. மக்களின் கோபம் மாவட்ட உறுப்பினர் ஒருவரின் வீட்டின் மீது திரும்பியது. வன்முறையை நியாயப்படுத்த முடியாது. ஆயினும், பாலம் ஏன் முடியவில்லை, பாதையின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யார் என்ற கணக்கு உரிய காலத்தில் சொல்லப்பட்டிருந்தால் அந்தப் பாதையில் பிள்ளைகளை ஏற்றியிருக்க மாட்டார்கள் அல்லவா?

1989 தேர்தல் முதல் மாவட்டம் முழுவதுமே ஒரே தேர்தல் தொகுதி. 2024 நவம்பர் தேர்தலில் தெரிவான நால்வர் தேசிய மக்கள் சக்தியின் அருண் ஹேமச்சந்திரவும் றொஷான் அக்மீமனவும், ஐக்கிய மக்கள் சக்தியின் இம்ரான் மஃரூப்பும், தமிழரசுக் கட்சியின் ச. குகதாசனும். இம்ரான் மஃரூப், 1997 இல் கொல்லப்பட்டவரின் புதல்வர். சட்டப்படி இந்நால்வரில் ஒவ்வொருவரும் சேருவிலவுக்கும் சம்பூருக்கும் கிண்ணியாவுக்கும் குச்சவெளிக்கும் உறுப்பினரே. மூதூரில் முன்னர் இருவருக்கு இருந்த நிர்ப்பந்தம் இன்று நால்வருக்கும் உண்டு.

ஆகவே அவர்களிடம் கேட்க வேண்டியது புதுமையான ஒன்றல்ல. சபையில் கேட்ட வினா எது, அமைச்சர் அளித்த பதில் எது என்பன ஹன்சாட்டில் உள்ளன. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் எடுத்த தீர்மானங்கள் கூட்டறிக்கையில் உள்ளன. பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் எவ்வளவு எந்த ஊருக்குப் போயிற்று என்பது பிரதேச செயலகத்தில் உள்ளது. இவற்றை ஆண்டுக்கு இருமுறை ஒரே அறிக்கையாக, தமிழிலும் சிங்களத்திலும், சொல் மாறாமல் வெளியிட எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை. நிறைவேறாதவற்றுக்கும் அதில் ஒரு பக்கம் இருக்கட்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. உறுப்பினர் சொல்லாவிட்டால், அரச அலுவலகங்களில் உள்ள விபரங்களை மக்களே கேட்டுப் பெறலாம்.

2022 ஜனவரியில் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் 99 ஐயும் மூன்றாகப் பங்கிட்டு ஓர் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 14 லங்கா ஐ.ஓ.சி.க்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் என முடிவாயிற்று. அத்தாங்கிகளைச் சுற்றியுள்ள ஊர்களில் வேலை எத்தனை, காணி எவ்வளவு, காடு எவ்வளவு என்ற வினாக்களுக்கு மூன்று சமூகத்தவரும் ஒன்றாக அமர்ந்து விடை கேட்ட கூட்டம் ஒன்றையேனும் நான் பத்திரிகைகளில் கண்டதில்லை. நால்வரும் தமது முதற் கூட்டறிக்கையை அங்கிருந்தே தொடங்கலாம்.