மெய்நிகர் திட்டக்குழு

மெய்நிகர் திட்டக்குழு என்பது வெவ்வேறு ஊர்களில் அல்லது நாடுகளில் வாழ்வோர், இணையம், தொலைபேசி போன்றவற்றின் வழியாக ஒரே திட்டத்தில் இணைந்து பணியாற்றும் குழு ஆகும். ஒரே அலுவலகத்தில் கூடிப் பணியாற்றும் மரபுவழிக் குழு ஓரிடக் குழு எனப்படும். ஓரிடக் குழுவில் பார்த்தும் கேட்டும் தானாகவே அறியப்படும் பல செய்திகள், மெய்நிகர் குழுவில் எழுதி வைக்கப்பட வேண்டும் என்பதே இவ்விரண்டுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடாகும்.

தமிழ்ச் சூழலில்

தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் கட்டுரைகளைப் பல ஊர் அறிஞர்கள் எழுதினர். ஆயினும் தொகுப்புப் பணி, தலைமைப் பதிப்பாசிரியர் பெ. தூரனின் தலைமையில் சென்னையில் நடைபெற்றது. இது ஓரிடக் குழுவை மையமாகக் கொண்ட அமைப்பாகும்.

1998 ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் மெய்நிகர் குழுவுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். பழந்தமிழ் நூல்களை மின்னூல்களாக்கி இலவசமாக வழங்கும் இத்திட்டத்தைச் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ச்சுனனும் ஒருங்கிணைத்தனர். பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் தட்டச்சும் மெய்ப்புத் திருத்தமும் செய்தனர். ஒருவரையொருவர் நேரில் காணாமலே ஒரு நூலை முடிப்பது இதனால் இயன்றது.

வேறுபாடுகள்

தொடர்பு: பணியிடத்தில் இருவருக்கு இடையே தொலைவு கூடும்போது அவர்களின் பேச்சு விரைவாகக் குறைகிறது என்று தாமசு ஆலன் 1977 இல் வெளியான தமது நூலில் காட்டினார். ஓரிடக் குழுவில் ஐயம் எழுந்தால் அடுத்த மேசையில் கேட்கலாம். மெய்நிகர் குழுவில் கேள்வியை எழுதி அனுப்பிவிட்டு விடைக்குக் காத்திருக்க வேண்டும்.

நேரம்: இந்தியாவுக்கும் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் இடையே ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேர வேறுபாடு உண்டு. ஒருவர் உறங்கும்போது மற்றவர் பணியைத் தொடரலாம். ஆனால் ஒரு சிறு ஐயம் தீர ஒரு நாள் கழியவும் கூடும்.

பொதுத் தரம்: 1990களில் தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியேற்றங்களைப் பின்பற்றின. ஒருவர் தட்டச்சு செய்த கோப்பு மற்றவர் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. எனவே மதுரைத் திட்டம் முதலில் திஸ்கிக்கும் பின்னர் ஒருங்குறிக்கும் மாறியது. ஓரிடக் குழுவில் இத்தகைய சிக்கலை ஒரே கணினியைப் பகிர்ந்தும் தீர்த்துவிடலாம்.

நம்பிக்கை: ஓரிடக் குழுவில் ஒருவரின் உழைப்பு கண்ணெதிரே தெரியும். மெய்நிகர் குழுவில் ஒருவர் மௌனமாக இருந்தால் அவர் உழைக்கிறாரா, நோயுற்றாரா, விலகிவிட்டாரா என்று அறிய இயலாது. எவர் எப்பகுதியை ஏற்றார் என்பது பதிவாகாவிடில் இருவர் ஒரே பணியைச் செய்ய நேரிடும். மதுரைத் திட்ட மின்னூல்களின் முகப்பில் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோரின் பெயர்கள் இடம்பெறுகின்றன. ஊதியமில்லாப் பணியில் இதுவே பொறுப்பும் மதிப்பும் ஆகும்.

பரவல்

2020 மார்ச்சு 25 அன்று இந்தியாவில் ஊரடங்கு தொடங்கியதும் மென்பொருள் நிறுவனங்களின் ஓரிடக் குழுக்கள் பல ஒரே வாரத்தில் மெய்நிகர் குழுக்களாயின. முன்பே நன்கு அறிமுகமானவர்கள் எளிதில் தொடர்ந்தனர். புதிதாகச் சேர்ந்தவர்களோ அருகிலிருந்து பார்த்துக் கற்கும் வாய்ப்பை இழந்தனர். அவர்களுக்கு, முன்னோர் எழுதி வைத்த குறிப்புகளே ஆசிரியராக அமைந்தன.