பாலாற்றின் மறுகரையில் தேசிங்கு

ஆற்காட்டில் பிறந்த பிள்ளைக்கு ‘ராஜா தேசிங்கு’ படத்தில் ஒரு சங்கடம் உண்டு. திரையில் எதிரியாக வருவது சொந்த ஊர். 1960-இல் டி.ஆர்.ரகுநாத் இயக்கத்தில் வந்த படம், எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம், கூடவே பானுமதி, பத்மினி, எஸ்.எஸ்.ராஜேந்திரன். டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் ஏறி உட்கார்ந்து பார்க்கிற வயதில் ஊர்ப்பற்று எங்கே நிற்கும்? குதிரை பாய்ந்ததும் மனசு செஞ்சிப் பக்கம் ஓடிவிடும். நவாபு தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்களே வீட்டுக்கு வந்து, நவாபு காலத்துப் பலகாரம் என்று ஊரே கொண்டாடும் மக்கன்பேடாவைச் சாப்பிட்டார்கள்.

அந்தப் பிரியம் கலைவது பெரும்பாலும் ஒரு புத்தகத்தில். சி.எஸ்.சீனிவாசாச்சாரி எழுதிய செஞ்சி வரலாறு 1943-இல் வந்தது. அதைப் புரட்டினால் சண்டைக்குக் காரணமாக முதலில் கண்ணில் படுவது வரிப் பாக்கி.

1698-இல் செஞ்சியைப் பிடித்த மொகலாயர்கள், பின்னர் பந்தேல்கண்டைச் சேர்ந்த சொரூப் சிங்கைக் கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவர், ஆக்கினார்கள். அவர் 1714-இல் இறந்தார். ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் கணக்கில் அவர் கட்டாமல் விட்ட தொகை 70 லட்சம் ரூபாய். மகன் தேஜ் சிங், நம் நாக்கில் தேசிங்கு, வடக்கிலிருந்து வந்து கோட்டை தன் உரிமை என்றான். தந்தைக்கு ஔரங்கசீப் கொடுத்த ஆணையைக் காட்டினான். தில்லியில் புதிய பாதுஷா வந்துவிட்டதால் அந்தக் காகிதம் செல்லவில்லை. திரையில் இந்தப் பேரேடு இல்லை. இந்துவாக ஒருவன், முஸ்லிமாக ஒருவன் என்று வளரும் இரு சகோதரர்களின் சோகமாகப் படம் அதை மாற்றிக்கொண்டது. சகோதரனுக்கு வைத்த தாவூத் கான் என்ற பெயர்கூட, சாதத்துல்லாவுக்கு முன்பு நவாபாக இருந்தவருடையது.

1714 அக்டோபர் 3. தேசிங்குக்கு வயது 22. சில நூறு குதிரைக்காரர்களோடு, வெள்ளம் போன ஆற்றைத் தாண்டி நவாபின் பெரும் படைக்குள் பாய்ந்தான். கூடவே உயிர்த்தோழன் மகபத் கான்; கல்யாணப் பந்தலை விட்டு எழுந்து வந்தவன் என்று தேசிங்கு கதைப்பாடல் அவனைக் கொண்டாடும். தேசிங்கு வாளை வானத்தில் வீசி, விழும்போது மார்பில் ஏந்திக்கொண்டான் என்கிறது அதே பாடல். வரலாற்றில் அவன் உயிரைக் கொண்டுபோனது ஒரு துப்பாக்கிக் குண்டு. இதைப் படிக்கும்போது வீரன் சிறுத்துப்போவதில்லை. குண்டுக்கு எதிரே கத்தியோடு போன 22 வயதுப் பையன்மேல் இரக்கம் கூடத்தான் செய்கிறது. தேய்வது படத்தின்மேல் இருந்த மயக்கம்.

ராணியின் கதைதான் இன்னும் கனமானது. அவள் கணவனின் சிதையில் ஏறினாள். கதை கேட்கிற வயதில் தீப்பாய்வது தியாகமாகத் தெரியும். வளர்ந்தபின் அங்கே தெரிவது எரிந்துபோன ஓர் இளம்பெண்.

அவள் நினைவாகப் பாலாற்றின் வடகரையில், ஆற்காட்டுக்கு நேர் எதிரே, ஓர் ஊரை உண்டாக்கியவர் வென்ற நவாபுதான். ராணிப்பேட்டை என்ற பெயர் அப்படி வந்தது. மணற்குவியல் மேல் உட்கார்ந்து யாரை வெறுத்தார்களோ, அவர் செய்த காரியம் இது.

ராஜா ராணி நினைவிடம் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஊர் பிறகு கன்டோன்மென்ட் ஆனது, தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்பெற்றது; தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் கெடுத்தது. 2019-இல் வேலூரைப் பிரித்தபோது ராணிப்பேட்டை மாவட்டத் தலைநகரானது. நவாபின் ஆற்காடு இப்போது அதே மாவட்டத்தில் ஒரு தாலுகா. ஆற்காட்டுக்காரர் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் பாலம் தாண்டி ராணியின் ஊருக்குத்தான் போகிறார்.