என்ஜின் ரெடி... தண்டவாளம் எங்கே?

குற்றால சீசனுக்குப் போகிறவர்களே, அடுத்த முறை அருவிக்கு ஒருநாள் லீவு விட்டுவிட்டு, செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை ரயிலில் போய்விட்டு வாருங்கள். பகவதிபுரம் தாண்டி, குகைக்குள் நுழைந்து, ஆரியங்காவு கடந்து மலையிறங்கினால், தென்மலைக்கு முன்னால் கருங்கல்லில் கட்டிய பதின்மூன்று கண் பாலம். 1904-ல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்ட பாதை இது. அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் இருந்தது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் தென்காசியோ மதராஸ் மாகாணத்தில்! (செங்கோட்டை நம் பக்கம் வந்தது 1956-ல்தான்.) கொல்லத்துக்கு வந்த முதல் என்ஜினைத் துண்டு துண்டாகக் கழற்றித் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொண்டுவந்து, மாட்டு வண்டியில் ஏற்றிப் போனார்கள் என்று சொல்வார்கள். மாடு இழுத்துக்கொண்டு போன ரயில் என்ஜின்... நினைத்துப் பாருங்கள்!

இந்த மலையில் ரயிலை முன்னால் ஒரு என்ஜின் இழுக்கும், பின்னால் ஒன்று தள்ளும். ஸ்டீம் காலத்தில் ஃபயர்மேனுக்கு இங்கே இடுப்பு ஒடிந்துவிடும். அந்தக் கரி என்ஜின்களெல்லாம் டீசல் வந்ததும் விடைபெற்றன. பிறகு பாதைக்கே முறை வந்தது. 2010 செப்டம்பரில் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். அகலப் பாதையில் மலை முழுவதும் ரயில் ஓட 2018 ஆகிவிட்டது.

இப்போது சென்னைக்கு வாருங்கள். செங்கோட்டையில் ரயில் நின்றதற்குச் சுமார் ஒரு மாதம் முன்னால், 2010 ஆகஸ்ட் 15 அன்று, சென்னையில் ஒரு கிழவர் எழுந்து நடந்தார்! பெயர் ஈ.ஐ.ஆர்-21. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் செய்து, 1855-ல் கல்கத்தா வந்த என்ஜின். 1909-ல் ஓய்வு. அப்புறம் 101 வருஷம் காட்சிப் பொருளாக நின்றது. அதைப் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் பிரித்து, கெட்டதை மாற்றி, மறுபடி ஓட வைத்துவிட்டார்கள். இதன் ஜோடியான ‘ஃபேரி குயின்’ 1997-லேயே இதே பெரம்பூரில் உயிர்பெற்று, உலகிலேயே ஓடிக்கொண்டிருக்கும் மிகப் பழைய ஸ்டீம் என்ஜின் என்று கின்னஸில் ஏறியது.

சரி, இப்படிச் செய்வது நியாயமா? மியூசியம்காரர்கள் பலர் ‘கூடாது’ என்பார்கள். காரணம் இருக்கிறது. ஸ்டீம் என்ஜினின் வயிறு பாயிலர். ஒருபக்கம் நெருப்பு, மறுபக்கம் தண்ணீர், உள்ளே அழுத்தம். பழைய இரும்புத் தகடு எங்காவது மெலிந்திருந்தால் அது என்ஜின் இல்லை, வெடிகுண்டு! ஆகவே ஓட்ட வேண்டுமென்றால் குழாய்களை மாற்ற வேண்டும், தகட்டை மாற்ற வேண்டும், பல சமயம் பாயிலரையே புதிதாகச் செய்ய வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொல்லன் அடித்த ரிவிட் ஒவ்வொன்றாகப் போய்விடும். கடைசியில் மிச்சம் இருப்பது பழைய என்ஜினா, பழைய பெயர்ப்பலகை மாட்டிய புது என்ஜினா?

இந்தக் கேள்விக்குத் தென்காசிக்காரர்கள் தங்கள் கோபுரத்தைத்தான் காட்டுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிதைந்துபோய், தலைமுறை தலைமுறையாக மொட்டையாக நின்றது காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரம். அதை ஒன்பது நிலையோடு திரும்ப எழுப்பி, 1990-ல் கும்பாபிஷேகம் செய்தார்கள். ‘இது பழைய கோபுரம் இல்லையே’ என்று சொல்லிக்கொண்டு யாரும் கும்பிடாமல் போகவில்லை! இந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதற்கு ஒரு குறை வந்தால் அதைச் சரிசெய்கிறவர்களை நான் பணிகிறேன் என்று கல்வெட்டிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ரிப்பேர் செய்கிறவனை முன்கூட்டியே கும்பிட்ட ராஜா! அந்தப் பதின்மூன்று கண் பாலமும் அப்படித்தான். பலப்படுத்தி, இன்றும் ரயிலைச் சுமக்க வைத்திருக்கிறார்கள். வேலை இருப்பதால்தான் அதைக் கவனிக்க ஆளும் இருக்கிறது.

அப்படியானால், ஒரு பழைய மீட்டர் கேஜ் என்ஜினைச் சரிசெய்து செங்கோட்டை மலையில் ஓட்டலாமே?

இங்கேதான் சிக்கல். அந்த என்ஜினுக்கு வேண்டிய அகலம் 1,000 மில்லிமீட்டர். இப்போது கிடப்பது 1,676. எத்தனை கோடி கொட்டி பாயிலரைப் புதுப்பித்தாலும், நிற்கக்கூட இடமில்லை. அகலப் பாதைக்காரரான ஈ.ஐ.ஆர்-21 வரலாம். ஆனால் அதில் இழுக்கும் சக்கரம் ஒரே ஒரு ஜோடி. ஆரியங்காவு ஏற்றத்தைப் பார்த்தாலே கிழவருக்கு மூச்சு வாங்கும்!

அகலப் பாதை போட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. விருதுநகரில் வண்டி மாறாமல் சென்னை வரவேண்டும் என்று கேட்ட தென்காசிக்காரரிடம், ‘பழைய ரயில்தான் அழகு’ என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு சொல்வது அக்கிரமம். ஆனால் மலையில் ஏழெட்டுக் கிலோமீட்டர் எங்காவது பழைய தண்டவாளத்தை விட்டுவைக்க முடியுமா என்று யோசிக்க வேண்டிய நேரம் 2010. அன்று எல்லோரும் சென்னையில் கிழவருக்குக் கை தட்டிக்கொண்டிருந்தோம்.

நீலகிரியில் நடந்தது வேறு. அதுவும் மீட்டர் கேஜ்தான். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவே பாதையை மாற்றவில்லை, ஸ்டீமையும் விடவில்லை. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. சுவிட்சர்லாந்தில் செய்த ‘எக்ஸ்’ வகை என்ஜின்கள் தேய்ந்துபோனதும், நம் திருச்சி பொன்மலை ஒர்க்ஷாப்பில் 2011-ல் புதிதாகவே ஒன்றைச் செய்து அனுப்பினார்கள். பழைய என்ஜினின் எலும்பைத் தொடாமலேயே ரயில் ஓடுகிறது, பார்த்தீர்களா? பாதை இருந்ததால் வேலை இருந்தது. வேலை இருந்ததால் பாயிலர் செய்யத் தெரிந்த கையும் மறந்துபோகவில்லை.

பாதையில்லாத ஊர்களில் ரயில் நிலைய வாசலில் பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கும் என்ஜின்களை என்ன செய்வது? என்னைக் கேட்டால், பிரிக்காதீர்கள், ஓட்டாதீர்கள். முதலில் தலைக்கு மேலே ஒரு கூரை போடுங்கள். குற்றாலச் சாரல் நமக்குத்தான் சுகம். கரியும் சாம்பலும் ஒட்டியிருக்கும் இரும்பில் அது இறங்கினால், பெயின்ட்டுக்கு அடியிலேயே தகடு பொரிந்துவிடும்.