வேகவதியும் பாலாறும்: நுண்ஞெகிழி ஆய்வு வரலாற்றில் நெசவு நகர் ஒன்றின் இடம்

முன்னுரை

பட்டு நெசவால் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தின் வழியே பாயும் வேகவதி, திருமுக்கூடலில் பாலாற்றுடனும் செய்யாற்றுடனும் கூடுகிறது. நந்திமலைப் பகுதியில் தோன்றும் பாலாறு 348 கி.மீ. கடந்து வயலூர் அருகே வங்கக்கடலை அடைகிறது. நகரில் உதிரும் இழை கடலைச் சேர்வதற்கான வழி இதுவாகும். 5 மி.மீ.க்கும் குறைந்த ஞெகிழித் துகள்களும் இழைகளும் நுண்ஞெகிழி எனப்படுகின்றன. அவற்றைப் பற்றிய ஆய்வு வளர்ந்த முறையையும், அது ஒரு நெசவு நகருக்கு உணர்த்துவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கடற்பரப்பிலிருந்து சலவை நீருக்கு

1972இல் எட்வர்டு கார்பெண்டர், கே.எல். சுமித் ஆகியோர், சர்காசோக் கடற்பரப்பில் சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 3,500 ஞெகிழித் துண்டுகள் மிதப்பதாக அறிவித்தனர். 2004இல் ரிச்சர்டு தாம்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு 'மைக்ரோபிளாஸ்டிக்' என்னும் சொல்லை நிலைபெறச் செய்தது. அவர்கள் கையாண்ட சான்று வரலாற்றாய்வாளர் கருதத்தக்கது. 1960கள் முதல் வடகிழக்கு அட்லாண்டிக்கில் திரட்டிச் சேமிக்கப்பட்ட மிதவையுயிரி மாதிரிகளை மீண்டும் ஆராய்ந்தபோது, பிற்கால மாதிரிகளில் ஞெகிழி மிகுந்திருந்தது. அதில் பெரும்பகுதி இழைகளாகவே இருந்தது. வேறு நோக்கத்திற்காகத் தொகுக்கப்பட்டவை மாசின் காலவரிசையைக் கூறும் ஆவணங்களாயின. அவ்விழைகளின் மூலங்களுள் ஒன்றை 2011இல் மார்க் பிரவுன் குழுவினர் சுட்டினர். செயற்கையிழை ஆடை ஒன்றை ஒருமுறை துவைக்கும்போது 1,900க்கும் மேற்பட்ட இழைகள் உதிரக்கூடும் என அவர்கள் காட்டினர்.

பட்டும் பாலியெஸ்டரும்

பட்டு ஒரு புரத இழை. நூலைக் காய்ச்சிப் பசை நீக்குகையில் வெளியேறும் செரிசினும் புரதமே. இவ்விரண்டையும் நுண்ணுயிர்கள் சிதைக்கவல்லன. மரபான சரிகை, பட்டுநூலின்மீது வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதாகும். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் ஆகியோர் கண்டறிந்த பாலியெஸ்டர், பின்னர் ஆடையிழையாகவும் உலோகம் பூசிய மென்படலமாகவும் பரவியது. அப்படலத்தை நுண்கீற்றுகளாக நறுக்கிச் செய்வதே விலை குறைந்த போலிச் சரிகை. எனினும் பட்டுப்புடவை அடிக்கடி துவைக்கப்படுவதன்று. ஆதலின் ஆற்றுநீரைப் பொறுத்தவரை, போலிச் சரிகையைவிட நாள்தோறும் வெளுக்கப்படும் செயற்கையிழை ஆடைகளே முதன்மையாகக் கருதத்தக்கவை.

சட்டமும் முன்னெச்சரிக்கையும்

தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் ஞெகிழிப் பொருள்கள் 14 வகை தடைசெய்யப்பட்டன. பை, குவளை, உறிஞ்சுகுழல் எனக் கண்ணுக்குப் புலப்படும் வடிவங்களைப் பட்டியலிடும் அத்தடையில் ஆடையிழை அடங்காது. ஆயினும் பாலாற்றுக்கு மற்றொரு சட்ட மரபு உண்டு. மேற்பகுதியில் கலந்த தோல் தொழிற்சாலைக் கழிவு குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கையை நாட்டின் சட்டத்தின் ஒரு பகுதியென ஏற்றது. மீட்கவியலாத கேடு நேரும் அச்சமிருப்பின், அறிவியல் உறுதியின்மையைக் காரணமாக்கித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிவைத்தலாகாது என்பது அதன் சாரம்.

முடிவுரை

நுண்ஞெகிழியின் வரலாறு கடலில் அறியப்பட்டுத் துவைக்கும் நீர்வரை பின்னோக்கிச் சென்றது. நீரில் கலந்த இழையைத் திரும்பச் சேகரிப்பது அரிது; எனவே கழிவுநீர் ஆற்றை அடையும் முன்னரே வடிகட்டுதல் வேண்டும். பாலாற்றை முன்னிட்டு எழுந்த கொள்கை அதன் துணையாறாகிய வேகவதிக்கும் பொருந்தும். மேலும், நகருக்கு மேலும் கீழும் ஆற்றுநீரையும் படிவையும் நாளிட்டுச் சேமிப்பது பல்கலைக்கழகங்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அட்லாண்டிக் மாதிரிகள் கடலுக்கு ஆவணங்களானதுபோல், இவை இவ்வாற்றுக்கு ஆவணங்களாகும்.