உதிர்ந்த கொம்பும் மரமேறிய சிங்கமும்

மான் கொம்பைக் கையில் வாங்கியதும் எனக்கு முதலில் வந்தது பயம்தான். யூட்டா மாநிலத்தில், வாசாட்ச் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து இறங்கிவந்து, நாலு கிளை விரிந்த ஒற்றைக் கொம்பை வேலிக்கு மேலே நீட்டினார். "உங்க பொண்ணுக்கு வச்சுக்கோங்க" என்றார். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த நாட்டிலிருந்து வந்தவன் நான். காட்டில் தானாக உதிர்ந்து கிடந்ததாகவே இருந்தாலும், மான் கொம்பை எடுத்து வீட்டில் வைத்தால் வழக்கு வரும் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அவருக்கு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரும் சுடலை. அதுவே கழட்டிப் போட்டதுதான்" என்றார்.

தமிழில் நாம் எல்லாவற்றையும் கொம்பு என்றே சொல்லிவிடுகிறோம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் இரலைக்கும் இருப்பது ஒரு வகை. உள்ளே எலும்பு, மேலே நகம் போன்ற உறை, ஆயுள் முழுக்க வளரும், விழாது. புள்ளிமானுக்கும் மிளாவுக்கும் இருப்பது வேறு. அது முழுக்க எலும்பு. வளரும்போது மேலே பூனைமுடி போட்ட தோல் போர்த்தியிருக்கும், அதற்குள் ரத்தம் ஓடும். இனப்பெருக்கக் காலம் முடிந்து ஆண் சுரப்பு குறைந்ததும், மண்டையோடும் கொம்பும் சேரும் இடத்திலுள்ள எலும்பை உடலே அரித்துக் கரைத்துவிடும். அதன்பின் கொம்பு வேலியில் இடித்தாலும் விழும், ஓடையைத் தாண்டினாலும் விழும். அமெரிக்க மேற்கின் மியூல் மான் குளிர்காலத்திலும், நம் மிளாவுக்கு அண்ணன் மாதிரி இருக்கும் எல்க் மார்ச், ஏப்ரல் வாக்கிலும் உதிர்க்கின்றன. பிறகு புதிதாக முளைக்கத் தொடங்கும். கோடையின் உச்சத்தில் எல்க்கின் கொம்பு ஒரு நாளைக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். வருடத்துக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து கிலோ எலும்பை வளர்த்துத் தூக்கியெறியும் பிராணி! யாரும் எடுக்காவிட்டால் அணிலும் எலியும் கொறித்துத் தீர்க்கும், சுண்ணாம்புச் சத்துக்காக.

ஆனால் மனிதர்கள் எடுக்காமல் விடுவதில்லை. வயோமிங்கின் ஜாக்சன் ஊருக்குப் போனவர்கள் நகர்ச் சதுக்கத்தின் நான்கு மூலைகளிலும் கொம்புகளாலேயே கட்டிய வளைவுகளின் கீழ் நின்று படம் எடுத்திருப்பார்கள். முதல் வளைவு 1953இல் எழுந்தது. ஊரை ஒட்டியே தேசிய எல்க் புகலிடம் இருக்கிறது. பண்ணைகளும் ஊரும் குளிர்கால மேய்ச்சல் நிலத்தை மறித்துக்கொண்டதால் எல்க் கூட்டம் கூட்டமாகப் பட்டினியில் செத்தபோது, 1912இல் அமைத்தது. ஆயிரக்கணக்கில் அங்கே வந்து தங்கிக் கொம்பை உதிர்த்துவிட்டுப் போகின்றன. சாரணச் சிறுவர்கள் அவற்றைப் பொறுக்க, மே மாதம் ஏலம் நடக்கிறது. 1968இலிருந்து நடக்கும் இந்த ஏலத்தின் வருமானத்தில் பெரும்பங்கு புகலிடத்துக்கே திரும்பப் போகும். வாங்குகிறவர்கள் விளக்குச் சரமும் கத்திப் பிடியும் செய்வார்கள். ஆசிய மருந்துச் சந்தைக்கும் போகும். (நம் சித்த மருத்துவத்தின் சிருங்கி பற்பமும் மான் கொம்பைச் சுட்டு எடுப்பதுதான்.) இப்போது பெரிய கிராக்கி நாய்களிடமிருந்து, அதாவது நாய் வளர்ப்பவர்களிடமிருந்து. நாய் கடித்துக்கொண்டிருக்க ஒரு துண்டு எலும்பு. கொம்பைத் தேடிக் கண்டுபிடிக்கவே லாப்ரடார் நாய்களைப் பழக்குகிறவர்களும் உண்டு.

சுடாமல், கொல்லாமல் ஒரு வேட்டை என்று எனக்குப் பிடித்துப்போனது. அடுத்த குளிர்காலத்தில் நானும் கிளம்பத் தயாரானேன். யூட்டாவில் அந்தப் பருவத்தில் கொம்பு பொறுக்கவே இணையத்தில் ஒரு சின்னப் பாடம் படித்துச் சான்றிதழ் எடுக்க வேண்டும். என்ன பெரிய பாடம் என்று அலட்சியமாக உட்கார்ந்தவன், முடிக்கும்போது கொஞ்சம் அடங்கிப்போயிருந்தேன்.

விஷயம் இதுதான். பிப்ரவரி, மார்ச்சில் மான் சாப்பிட்டு உயிர்வாழ்வதில்லை. இலையுதிர் காலத்தில் சேர்த்துவைத்த கொழுப்பைச் செலவழித்துக்கொண்டு வசந்தம் வரை தாக்குப்பிடிக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் ஒரு மனிதன் சரிவில் ஏறினால் கூட்டம் எழுந்து முழங்கால் பனியில் ஓடும். அடுத்த சரிவில் இன்னொருவன். ஒரு நாளில் நாலு முறை ஓடவிட்டால், சேமிப்பு தீர்ந்த மான் ஏப்ரலில் புல் முளைப்பதற்குப் பத்து நாள் முன்னால் விழுந்துவிடும். அதைக் கொன்றவனுக்குத் தான் கொன்றதே தெரியாது. கொம்போடு வீட்டுக்கு வந்து படம் போட்டிருப்பான். வயோமிங்கின் மேற்குப் பகுதியில் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை கொம்பு பொறுக்கத் தடை போட்டது இதனால்தான். மே 1 விடியலுக்காக முதல் நாளே குதிரைகளும் வண்டிகளும் வரிசைகட்டி நிற்கும். பனி வரலாறு காணாமல் கொட்டிய 2023இல் யூட்டாவும் வசந்தம் வரை மொத்தமாகத் தடை விதித்தது. என் சான்றிதழ் மேசை இழுப்பறையில் கிடந்தது.

அந்தத் தடைக் காலத்தில்தான் பெரியவரின் இன்னொரு முகம் தெரிந்தது. அவர் வீட்டுப் பின்பக்கம் மூன்று நாய்கள். தொங்கும் காதும் நீலப் புள்ளியும் கொண்ட புளூடிக் ஒன்று, ட்ரீயிங் வாக்கர் இரண்டு. ராத்திரி அவை போடும் சத்தத்துக்காக என் மனைவி குடியிருப்புச் சங்கத்துக்குப் புகார் எழுதும் நிலைக்குப் போயிருந்தாள். அவை மலைச்சிங்கம் விரட்டும் நாய்கள். நாற்பது வருடமாக இதே வேலை என்றார். நான் மனசுக்குள் ஒரு கோடு போட்டேன்: கொம்பு பொறுக்குகிறவர் நல்லவர், நாய் விட்டு விரட்டுகிறவர் கெட்டவர், இரண்டும் ஒரே ஆளாக இருப்பது என் துரதிர்ஷ்டம்.

மலைச்சிங்கம் என்பது சிங்கமில்லை. பூமா, கூகர் என்று பல பெயர்கள். கர்ஜிக்காது, உறுமும், வீட்டுப் பூனை மாதிரி கர்கர் என்று சத்தம் போடும். ஒரு வளர்ந்த எல்க்கையே சாய்க்கும் மிருகம், இருபத்தைந்து கிலோ நாய் இரண்டு துரத்தினால் ஏன் மரத்தில் ஏறுகிறது? அது பாய்ந்து பிடிக்கப் பிறந்தது, நெடுந்தூரம் ஓடப் பிறந்ததில்லை. சீக்கிரம் மூச்சு வாங்கும். ஓநாய்க் கூட்டங்களிடம் அடிபட்ட பரம்பரை நினைவு என்றும் சொல்வார்கள். முதலில் மனிதன் பனியில் தடம் பார்க்கிறான். நகக்குறி இல்லாத, பின்பட்டையில் மூன்று மடிப்பு விழுந்த தடம் பூனை. நகம் பதிந்திருந்தால் நாய். தடம் எத்தனை மணி நேரப் பழசு என்று விளிம்பு உறைந்திருப்பதை வைத்துச் சொல்வார்கள். பழைய வாசனையைப் பிடிக்கும் கிழட்டு நாயை முதலில் அவிழ்ப்பார்கள். தடத்தில் ஓடும்போது நீண்ட ஊளை. சிங்கம் மரமேறியதும் குரல் மாறி வெட்டுவெட்டாகக் குரைக்கும். இரண்டு மைல் தள்ளி நிற்கிறவனுக்கு அந்தக் குரல் மாற்றம்தான் செய்தி. நாள் முழுக்க பதிவுக் கோப்புகளைப் புரட்டிப் பிழை தேடுகிற எனக்கு, இதில் பொறாமைப்பட விஷயம் இருந்தது.

இந்தத் திறமை என்ன செய்தது என்பது அவ்வளவு அழகான கதையில்லை. 1901 ஜனவரியில், துணை ஜனாதிபதியாகப் பதவியேற்க இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், கொலராடோவின் மீக்கர் பக்கம் ஜான் காஃப் என்ற வழிகாட்டியோடும் அவர் நாய்களோடும் ஐந்து வாரம் போனார். தன் கையால் மட்டும் பன்னிரண்டு மலைச்சிங்கங்கள். ஒவ்வொன்றையும் அளந்தார், எடை போட்டார், வயிற்றைக் கிழித்து என்ன தின்றது என்று குறித்தார், மண்டையோட்டை விஞ்ஞானிக்கு அனுப்பினார். அந்தக் காலத்தில் அறிவு என்பது பிணத்திலிருந்து கிடைப்பது. அதே ரூஸ்வெல்ட்டுக்கு 1907இல் லூசியானா கரடி வேட்டையில் துணைபோன பென் லில்லி, பின்னால் நியூ மெக்சிகோ வந்து அரசாங்கச் சம்பளத்திலும் பண்ணைக்காரர்கள் கூலியிலும் சிங்கங்களைத் தேடித்தேடி அழித்தார். தீவிர பக்தர், ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யமாட்டார். சனிக்கிழமை நாய்கள் சிங்கத்தை மரமேற்றியிருந்தாலும் திங்கள் காலைவரை காத்திருப்பாராம்! கலிபோர்னியா அரசு 1907இலிருந்து 1963வரை தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்ததில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் போயின. கொலராடோ 1965இல்தான் நிறுத்தியது. பல மாநிலங்களில் சிங்கத்துக்கும் எலிக்கும் சட்டத்தில் ஒரே மரியாதை.

அறுபதுகளின் தொடக்கத்தில் மாரிஸ் ஹார்னாக்கர் என்ற இளம் ஆய்வாளர் ஒரு சாதாரணக் கேள்வியோடு வந்தார். மானையெல்லாம் சிங்கம் தின்று தீர்க்கிறதா? எல்லோருக்கும் விடை தெரியும், யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. எப்படி எண்ணுவது? வாழ்நாள் முழுக்க மலையில் திரிந்தவர்களே உயிரோடு ஒன்றைப் பார்க்காமல் செத்திருக்கிறார்கள். முதலில் மொன்டானாவில் முயன்றார். அடையாளமிட்டு விட்ட சிங்கங்களை வேட்டைக்காரர்கள் சுட்டுவிட்டார்கள். 1964இல் ஐடஹோவின் உட்காட்டுக்கு, பிக் க்ரீக் பள்ளத்தாக்குக்கு நகர்ந்தார். அங்கே சாலை கிடையாது. வில்பர் வைல்ஸ் இருந்தார். அந்தப் பள்ளத்தாக்கிலேயே வாழ்ந்தவர், பணத்துக்காகச் சிங்கங்களைச் சுட்டவர், நல்ல நாய்கள் வைத்திருந்தவர்.

இந்த இருவரும் குளிர்காலம் குளிர்காலமாக நடந்தார்கள். வழியெங்கும் கூடாரமும் சாமானும் முன்கூட்டியே வைத்துக்கொண்டு, முதுகுமூட்டையோடு. நாய்கள் தடம் பிடிக்கும், சிங்கம் மரமேறும், மயக்க ஊசி போடுவார்கள். ஹார்னாக்கர் மரத்தில் ஏறி, மயங்கிக்கொண்டிருக்கும் மிருகத்தின் காலில் கயிறு கட்டிக் கீழே இறக்குவார். எடை, பல், காதில் பச்சை, கழுத்தில் வண்ணப் பட்டை. விழிக்கும்வரை பக்கத்தில் இருந்துவிட்டு அடுத்த தடத்துக்குப் போவார்கள். அதே சிங்கங்களை மறுபடி மறுபடி பிடித்தார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான முறை.

வந்த விடை எல்லோருக்கும் தெரிந்த விடை இல்லை. பள்ளத்தாக்கில் மானும் எல்க்கும் கூடிக்கொண்டே போயின. சிங்கங்களின் எண்ணிக்கை கூடவில்லை. ஒவ்வொரு ஆணும் ஒரு எல்லை வைத்திருந்தது. மண்ணைச் சுரண்டிக் குவித்து, அதில் வாசனை விட்டு, ஒன்றை ஒன்று விலகிப் போனது. இடம் கிடைக்காத இளசுகள் வெளியேறின. தன் எண்ணிக்கையைத் தானே கட்டுப்படுத்தும் மிருகத்துக்குத் தலைக்கு விலை வைக்க வேண்டியதில்லை. ஆய்வு 1970இல் வெளியானது. 1972இல் ஐடஹோ மலைச்சிங்கத்தை வரம்போடு மட்டும் வேட்டையாடக்கூடிய விலங்காக அறிவித்தது. மேற்கின் மற்ற மாநிலங்களும் அந்தப் பத்தாண்டில் இதே பக்கம் திரும்பியிருந்தன.

இதில் ஹார்னாக்கரின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. வைல்ஸின் பெயர் நன்றிப் பக்கத்தில். நாய்களின் பெயர்? நியாயமாகப் பார்த்தால் அந்த ஆய்வின் கருவி நாய்தான். ரேடியோப் பட்டை அதற்குப் பிறகு வந்தது. அதை மாட்டுவதற்கும் முதலில் நாய் மரமேற்ற வேண்டியிருந்தது. அந்த ரேடியோக் கட்டத்தை பிக் க்ரீக்கில் நடத்திய ஜான் சைடென்ஸ்டிக்கர், 1973இல் நேபாளத்தின் சித்வனுக்குப் போய்ப் புலிகளுக்குப் பட்டை கட்டும் வேலையைத் தொடங்கினார். புலியிடம் நாய் விட முடியாது, யானை வேண்டும்.

இதே கதை ஃப்ளோரிடாவில் இன்னொரு வடிவில் நடந்தது. டெக்சாஸின் ராய் மெக்பிரைட், ஆட்டுப் பண்ணைக்காரர்களுக்காகச் சிங்கத்தையும் ஓநாயையும் அழித்துப் பேர்வாங்கியவர். ஃப்ளோரிடாச் சதுப்பில் சிறுத்தை என்று அவர்கள் சொல்லும் மலைச்சிங்கம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க எழுபதுகளின் தொடக்கத்தில் அவரைத்தான் அழைத்தார்கள். அவருடைய நாய்கள் 1973இல் ஒன்றை மரமேற்றின. இருக்கிறது! ஆனால் இருபது முப்பதுதான், நெருங்கிய உறவுக்குள்ளேயே கலந்து வால் மடங்கி, இதயத்தில் ஓட்டையோடு. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் சிங்கங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். பிடித்துக் கொடுத்ததும் அதே மெக்பிரைட். இன்று நூற்றைத் தாண்டி நிற்கிற எண்ணிக்கை அந்த எட்டிலிருந்து எழுந்தது.

அதற்காக நாய் வேட்டைக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. மரத்தில் மாட்டிய மிருகத்தைக் கீழே நின்று சுடுவதில் என்ன வீரம் என்ற கேள்விக்கு எனக்கு இதுவரை நல்ல பதில் கிடைக்கவில்லை. கலிபோர்னியா மக்கள் 1990இல் வாக்களித்துச் சிங்க வேட்டையையே நிறுத்தினார்கள். ஒரேகான் 1994இலும் வாஷிங்டன் 1996இலும் நாயை மட்டும் தடுத்தன. ஒரேகானில் என்ன ஆயிற்று என்பதுதான் சங்கடம். உரிமத்தைக் கணக்கில்லாமல் விற்க ஆரம்பித்தார்கள், சுடப்பட்டவை குறைவதற்குப் பதில் கூடின. மரத்தடியில் நிற்கிறவனுக்கு ஆணா பெண்ணா, குட்டி போட்டதா என்று பார்க்க நேரம் இருக்கிறது, விட்டுவிடவும் முடியும். புதரில் திடீரென்று எதிர்ப்பட்டதைச் சுடுகிறவனுக்கு அது இல்லை.

2023இல், கொம்பு பொறுக்கத் தடை இருந்த அதே வசந்தத்தில், யூட்டா ஒரு சட்டம் போட்டது. மலைச்சிங்கத்தை வருடம் முழுக்க, எண்ணிக்கை வரம்பில்லாமல், சாதாரண வேட்டை உரிமம் இருந்தாலே கொல்லலாம். பொறி வைத்தும் பிடிக்கலாம். மான் குறைந்ததற்குச் சிங்கம் காரணம் என்ற பழைய பாட்டுதான். எதிர்த்தவர்களில் விலங்கு ஆர்வலர்கள் இருந்தார்கள், சரி. அவர்களோடு சேர்ந்து நாய் வேட்டைக்காரர்களும் எதிர்த்தார்கள். பெரியவர் ஆளுநர் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டுக் கத்தியதை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். "வருஷம் பூரா சுட்டா என் நாய் எதைத் துரத்தும்?" சுயநலம்தான். ஆனால் நான் அந்த மசோதா பற்றி ஒரு வரி எழுதிப் போட்டிருக்கவில்லை. எனக்கு நாயும் இல்லை, சிங்கமும் தெரியாது.

அடுத்த வருடம் டிசம்பரில் என்னையும் அழைத்துப்போனார். துப்பாக்கியை அவர் கொண்டுவரவில்லை. சுட்டு எட்டு வருடமாகிறது, இப்போதெல்லாம் மரமேற்றி, ஒரு படம் எடுத்துக்கொண்டு நாய்களை இழுத்துக்கொண்டு வந்துவிடுவாராம். மூன்று மணி நேரம் நடந்தோம். தடம் இருந்தது. புளூடிக் கிழவி அதில் மூக்கை வைத்துவிட்டு எங்களையே பார்த்தாள். அவர் அவிழ்க்கவில்லை. குனிந்து காட்டினார். பெரிய தடத்தை ஒட்டி, அதே திசையில், என் மகளின் உள்ளங்கை அளவுக்குக்கூட இல்லாத இரண்டு வரிசைத் தடங்கள்.

கொஞ்சம் தள்ளி, ஜூனிப்பர் புதருக்கடியில், இலையும் பனியும் அள்ளிப் போட்டு மூடிய மியூல் மான் ஒன்று கிடந்தது. வயிற்றுப் பக்கம் மட்டும் தின்றிருந்தது. இரண்டு கொம்பும் தலையிலேயே இருந்தன, பக்கத்துக்கு நாலு கிளை. நான் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன்.

"விடுங்க, அவ திரும்பி வருவா" என்றார். நாய்களை இழுத்துக்கொண்டு, வந்த தடத்திலேயே காலை வைத்துக் கீழே இறங்கினோம்.