நன்மரணம்: ஒரு சொல்லின் வரலாறு

புனித சூசையப்பரை நாம் நன்மரணத்தின் பாதுகாவலர் என்று போற்றுகிறோம். ‘நன்மரணம்’ என்பதைக் கிரேக்கத்தில் அப்படியே பெயர்த்தால் கிடைப்பது ‘யூத்தனேசியா’ என்னும் மருத்துவச் சொல்லே. ‘யூ’ என்றால் நன்றாக. ‘தானத்தோஸ்’ என்றால் மரணம். ஆனால் அதே சொல்லை இன்று ‘கருணைக்கொலை’ என்கிறோம். மரணம் எவ்வாறு கொலையாயிற்று?

லூக்கா நற்செய்தியில் மக்கள்தொகையைக் கணக்கிடக் கட்டளையிட்ட அகுஸ்து சீசரை அறிவோம். எவரேனும் வேதனையின்றி விரைவில் இறந்ததாகக் கேள்வியுற்றால், தமக்கும் தம்மவர்க்கும் அத்தகைய ‘யூத்தனேசியா’ வாய்க்க வேண்டும் என்று அவர் வேண்டுவாராம். வரலாற்றாசிரியர் சுவெத்தோனியுஸ் இதைக் குறித்துள்ளார். அங்கே அது மன்றாடிப் பெறும் வரம். பிறர் கையால் நிகழும் செயலன்று.

1605-இல் ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் இச்சொல்லை மருத்துவர்கள்முன் வைத்தார். பிழைக்க வழியில்லாத நோயாளியின் வேதனையைத் தணித்து, அமைதியாக விடைபெற உதவுவதும் மருத்துவரின் கடமை என்றார். 1623-இல் வெளிவந்த இலத்தீன் நூலில், உடலுக்குரிய இவ்வுதவி வேறு, ஆன்மாவை ஆயத்தம் செய்வது வேறு என்றும் பிரித்துக் காட்டினார்.

1870-இல் சாமுவேல் வில்லியம்ஸ் என்பவர், நோயாளி விரும்பினால் குளோரோபாம் கொடுத்து உயிரையே போக்கலாம் என்று எழுதினார். வேதனையைப் போக்குவதிலிருந்து வேதனைப்படுபவரைப் போக்குவதற்குச் சொல் தாவிவிட்டது. 1939-இல் ஹிட்லரின் அரசு இப்பெயரையே போர்வையாக்கியது. 1941 ஆகஸ்டு மாதத்திற்குள் மனநோயாளரும் ஊனமுற்றோருமாக 70,000-க்கும் மேற்பட்டோர் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர். அவர்களுள் எவரும் சாவை வேண்டியவரல்லர். அம்மாதம் 3-ஆம் நாள் மூன்ஸ்டர் ஆயர் வான் காலன், உழைத்துப் பயன் தருவோர்க்கு மட்டுமா வாழும் உரிமை என்று மறையுரையில் வெளிப்படையாகக் கேட்டார். மூன்று வாரங்களில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. எனினும் கொலைகள் மறைவாகத் தொடர்ந்தன.

திருச்சபை கொலையை ஏற்பதில்லை. வேதனையை வீணே நீட்டிக்கவும் சொல்வதில்லை. வலிநீக்கும் மருந்தால் ஆயுள் குறையக்கூடும் என்றாலும், கொல்லும் நோக்கமின்றி அதைத் தரலாம் என 1957-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் விளக்கினார். பலன் தராத, பெருஞ்சுமையான சிகிச்சையை மறுக்கலாம் என்று 1980-ஆம் ஆண்டின் திருச்சபை அறிக்கையும் கூறுகிறது.

எனவே அன்பர்களே, படுக்கையில் கிடக்கும் முதியவர் ‘நான் எல்லாருக்கும் பாரம்’ என்று முனகும்போது, அவர் சாவைக் கேட்கிறாரா, நம்மைக் கேட்கிறாரா என்று எண்ணிப் பார்ப்போம். வலிக்கு மருந்தும், பிடித்துக்கொள்ள ஒரு கையும், உரிய நேரத்தில் நோயிற்பூசுதலும் நற்கருணையும் அவருக்குக் கிடைக்கச் செய்வோம். நன்மரணத்திற்காகச் செபிக்கும் நாம் செய்ய வேண்டிய பணி இதுவே.